ட்ரெய்லர் தயார்

திருப்பூர்,
11-12-1966, ஞாயிறு.

கல்கத்தாவில் பனியன் மெஷின்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் அன்புள்ள அண்ணன் வேலுமணி அவர்களின் மேலான கவனத்துக்கு, நம் ட்ரெய்லர் வண்டியின் தலைமை இன்ஜினீயரும் உங்கள் ஒரே தம்பியுமான ஞானசம்பந்தம் மிகுந்த வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்ளும் முக்கிய அறிவிப்பு:

சென்ற மாதம் இருபத்தேழாம் தேதி, ட்ரெய்லரின் இடது சக்கரத்து மூடிக்குள் மூன்று மாதமாகக் குடியிருந்த பல்லி, தன் இரண்டு முட்டைகளையும் அங்கேயே விட்டுவிட்டு வலது சக்கரத்துக்குக் குடிபெயர்ந்தது. காரணம் தெரியவில்லை. ஊர் அமைதியாக இருக்கிறது. முட்டைகளைக் கொட்டாங்கச்சியில் வைத்து விறகுக்குக் கீழே பத்திரப்படுத்தியிருக்கிறேன். நம் தங்கை, பாப்பா மருதம்மாள் தினமும் காலையில் போய் அவற்றிடம் நலம் விசாரிக்கிறாள்.

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. கல்கத்தா என்கிறார்களே, அங்கே கல் நிஜமாகவே கத்துமா என்று பாப்பா கேட்கச் சொன்னாள். (பாப்பா கேட்கவில்லை. நான்தான்.) கடிதத்தில் இரண்டு கேள்வி கேட்டிருந்தீர்கள். அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்பது ஒன்று. தை மாதம் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ட்ரெய்லர் ஓடுமா என்பது இன்னொன்று. பரீட்சையில் செய்வதுபோல, தெரிந்த கேள்விக்கு முதலில் பதில் எழுதிவிடுகிறேன். மற்றதற்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

ட்ரெய்லர் ஓடும். ஓடும் என்ன, பறக்கும். நீங்கள் கல்கத்தாவுக்குப் போகும்முன் எழுதி, மைதா பசையால் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டுப் போனீர்களே பத்து விதிகள், அதில் ஒன்பதை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றியிருக்கிறேன். வாரம் தவறாமல் சக்கரத்தைக் கால் சுற்றுத் திருப்பி வைக்கிறேன். இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே டயர் சப்பையாகி, டயர் 'டயர்டு' ஆகிவிடும் அல்லவா? சக்கரத்துக்குக் கிரீஸ் வைத்தாயிற்று. சரித்திர வாத்தியார் கிரீஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டபோது, எங்கள் ட்ரெய்லர் அச்சில் என்று சொல்லி ஒரு பீரியடு முழுக்க பெஞ்சு மேல் நின்றேன். ஜீப்போடு மாட்டுகிற கொக்கிக்கு எண்ணெய் போட்டு, சாக்கு சுற்றி வைத்திருக்கிறேன். அச்சுக்கு இரண்டு பக்கமும் கல் முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

கூரையில் தகரம் சேருகிற இடத்தில் ஐப்பசி மழைக்கு முன்பே தார் பூசியிருக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு நடுவில் பூசினேன். அதற்குள் ஒரே ஒரு இடத்தில் ஒழுகி, அப்பாவின் கால்மாட்டில் சொட்டியது. அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. சொட்டுக்குக் கீழே டம்ளரை வைத்துவிட்டு, "கெணத்துக்குப் போற வேலை மிச்சம், கண்ணு" என்றார்.

அப்பா உள்ளே படுக்க வந்த நாளை உங்களுக்கு எழுதியிருந்தேனா? சூலூர் பட்டாளத்து ஏலத்தில் நீங்கள் இதை எடுத்துவந்து, பலகை அடித்து, ஜன்னல் வைத்து, மடக்குக் கட்டில் மாட்டி, தேர்த் திருவிழாக்களில் பனியன் கடை போடப் போகிற இடத்தில் படுத்துக்கொள்ளலாம் என்று சொன்னபோது, "சக்கரம் வெச்ச கோழிக்கூடு" என்று சிரித்தவர் அப்பாதானே. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து, இடது நுரையீரல் போய்விட்டது, வலதில் பாதிதான் மிச்சம், சின்னக் குழந்தை இருக்கிற ஒற்றை அறையில் இவரைப் படுக்க வைக்காதீர்கள் என்று சொன்ன அன்றைக்கு, தலையணையை அவரே தூக்கிக்கொண்டு படியேறினார். "கோழி கூட்டுக்கு வந்துருச்சுன்னு அண்ணனுக்கு எழுதிப்போடு" என்றார். இந்தத் தெருவில் ட்ரெய்லர் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. டெய்லர் வண்டி என்பார்கள். இருபது வருசம் பனியனுக்குக் கழுத்துப்பட்டி தைத்த டெய்லர் அதற்குள் படுத்ததும், டெய்லருக்குள் டெய்லர் என்று நான்தான் பெயர் வைத்தேன். அப்பாவுக்கும் அது பிடித்திருந்தது.

கூப்பிட்டால் இருமல் வருகிறது என்பதால் பலகையில் தட்டுவதாக ஏற்பாடு. ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு தட்டு என்றால் அம்மா. மூன்று என்றால் நான். நாலு தட்டு என்றால் பீடி. நாலுக்கு மட்டும் எங்கள் எல்லோருக்கும் காது கேட்காது.

இன்னொரு குற்றத்தையும் நானே சொல்லிவிடுகிறேன், முத்தாத்தாள் அக்கா எழுதப் பழகினால் முதல் வேலையாக உங்களுக்கு எழுதிப்போட்டுவிடும். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு, "ஏண்டா சாமி, நோவாளியைக் கெணத்துக்கு நேரா வெச்சிருக்கறீங்களே, நாங்கெல்லாம் புள்ளைகுட்டிக்காரங்க இல்லியா" என்று நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் வாயை அடைக்க ஒரு நாள் ட்ரெய்லர் கதவில் சாக்பீஸால் 'தாசில்தார் முகாம், மனு ஏற்கப்படும்' என்று எழுதிவிட்டேன். யாரோ படித்துச் சொல்ல, முத்தாத்தாள் பயந்து அன்றைக்குக் கிணற்றடிப் பக்கமே வரவில்லை. ஆனால் பொங்கலூர்ப் பக்கத்திலிருந்து வந்த வேலாத்தாள் என்கிற கிழவி, சர்க்கரைக் கார்டு காணாமல் போன கதையோடு நேராகப் படியேறிவிட்டது. அப்பா கந்தல் பனியனோடு எழுந்து உட்கார்ந்து, வாயைத் துண்டால் மூடிக்கொண்டு, கால் மணி நேரம் அந்தக் கதை முழுவதையும் கேட்டார். நடுவில் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. பிறகு மூன்று தட்டு. என்னைக் கூப்பிட்டு, "அம்மிணியைத் தாலுக்கா ஆபீசு வரைக்கும் கூட்டிட்டுப் போய், மனு எழுதிக் குடுத்து, கார்டுக்குச் சீட்டு வாங்கிக் குடுத்துட்டு வா. அதுவரைக்கும் ஊட்டுக்கு வராதே" என்றார். வெயிலில் நடந்தேன். அந்த அம்மாள் போகும்போது, உங்க தாசில்தாருக்கு உடம்புக்குச் சுகமில்லையாட்ட இருக்குதே, சென்னிமலைக்கு ஒரு மொட்டை நேந்துக்கச் சொல்லு கண்ணு என்றது.

ஏன் ட்ரெய்லர்தான் வேண்டும் என்று சோமனூர் மாமா கேட்டார். அவருக்குத் தெரியாது. புரட்டாசியில் டி.பி. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பெயர் பதியப் போனபோது, பாதி வழியில் அப்பா இருமிய இருமலுக்கு பஸ்ஸில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கண்டக்டர் நல்ல மனிதர்தான், "ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க" என்று சொல்லித்தான் இறக்கிவிட்டார். அம்மாவும் அப்பாவும் ஒரு கட்டை வண்டியில் மீதி வழி போனார்கள். அதைக் கேட்டுவிட்டு அப்பாவின் பனியன் கம்பெனி முதலாளி, கட்டில் காலியானதும் சொல்லு, ஜீப்பை அனுப்புகிறேன், உங்கள் டெய்லர் வண்டியிலேயே படுக்கவைத்துக் கொண்டுபோங்கள் என்றார். ஆகவே ட்ரெய்லர் ஓடினால்தான் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போக முடியும். இதை அறிந்துதான் தலைமை இன்ஜினீயர் பதவியை நான் ஏற்றுக்கொண்டேன்.

மழை நின்றபோது பலகைச் சுவர் உள்பக்கம் முழுக்கப் பூஞ்சை பிடித்திருந்தது. கறுப்பும் பச்சையுமாக, உலகப் படம் வரைந்த மாதிரி. அப்பா படுத்துக்கொண்டே ஆப்பிரிக்கா எது என்று காட்டுவார். டாக்டர் எட்டிப்பார்த்துவிட்டு, இந்த ஈரமும் பூஞ்சையும் இவருக்கு ஆகாது, சுத்தம் செய்து காற்றாட வையுங்கள் என்றார். செய்தேன். அண்ணா, நீங்கள் இப்போது பார்த்தால் உங்கள் வண்டி என்று நம்ப மாட்டீர்கள். ஆப்பிரிக்காவும் இல்லை, அமெரிக்காவும் இல்லை. சலவைப் பட்டறையிலிருந்து வந்த பனியன் துணி மாதிரி சுவர் அத்தனை வெள்ளை. முத்தாத்தாள்கூட எட்டிப்பார்த்து, "அட சாமி, கலியாண ஊடாட்டக் கண்ணு கூசுதே" என்றது. இதை ஒற்றை ஆளாக, ஒரே காலையில் செய்து முடித்தவன் உங்கள் தம்பி.

இது வரைக்கும் காலையில் எழுதியது. அம்மா கடைக்கு அனுப்பினார். போய்விட்டு வந்து, மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். இரண்டாவது கேள்விக்கு நூற்றுக்கு நூறு. இனி முதல் கேள்வி.

அப்பா இப்போது ட்ரெய்லரில் இல்லை. வீட்டுக்குள் படுத்திருக்கிறார். பாப்பாவுக்கு நோய் தொற்றிவிடக்கூடாது என்று சோமனூர் மாமா நாளைக்குக் கூட்டிப்போகிறார். பல்லி முட்டையையும் கொண்டுபோவேன் என்று அழுகிறாள். அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை. குரல் போய்விட்டது. கஞ்சித் தண்ணீர் இரண்டு கரண்டி இறங்குகிறது, மூன்றாவது இறங்குவதில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அம்மா முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து தாங்கிக்கொண்டிருக்கிறார். கூலிக்குப் பிசிறு வெட்ட வாங்கிவந்த பனியன் மூட்டையைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். அப்பாவுக்கு எலும்பு தெரிகிற முதுகு அண்ணா. நான் தூக்கினால் பாப்பாவைத் தூக்குகிற மாதிரிதான் இருக்கிறது.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து கார்டு வந்தது. தை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், கட்டில் காலியாகிவிட்டது, இருபதாம் தேதிக்குள் வந்து சேராவிட்டால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று. அம்மா அதை முருகன் படத்துக்குக் கீழே வைத்துக் கும்பிட்டார். முதலாளி ஜீப்புக்குச் சொல்லிவிட்டார். நான் டயருக்குக் காற்றடித்தேன், முட்டுக் கல்லை எடுத்தேன். அப்புறம் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, அம்மாவைத் தனியாக வாசலுக்குக் கூப்பிட்டு, இந்த மூச்சோடு இவரை எங்கேயும் அசைக்க முடியாது, வழியிலேயே போய்விடும் என்று சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். ஜீப் தயார், ட்ரெய்லர் தயார், கட்டில் தயார். போக வேண்டியவர்தான் தயாராக இல்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அப்பா இப்படி இல்லை. அதை எழுதத்தான் காலையிலிருந்து ட்ரெய்லரைச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

அண்ணா, தலைமை இன்ஜினீயர் பதவியை ராஜினாமா செய்கிறேன். பல்லி போன காரணம் தெரியவில்லை என்று எழுதினேன். தெரியும். பத்தில் ஒன்பது செய்தேன் என்றேனே, செய்யாமல் விட்ட ஒன்று, வரிசையில் ஒன்பதாவது விதி. 'சோப்பும் ஈரத் துணியும் போதும். பிளீச்சிங் தண்ணியை வண்டிக்குள் கொண்டுபோகாதே' என்று நீங்கள் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தீர்கள். படித்தேன். படித்துவிட்டுச் சிரித்தேன். ஊர்த் துணியையெல்லாம் வெளுக்கிற திருப்பூரில் பிறந்துவிட்டு, சோப்புப் போட்டுத் தேய்ப்பதா என்று.

என்னோடு படித்து, நின்றுபோய், நொய்யல் கரைச் சலவைப் பட்டறையில் வேலை செய்கிறானே கருப்புசாமி, அவனிடம் ஒரு டின் பிளீச்சிங்கும் ஒரு பாட்டில் ஆசிட்டும் வாங்கிவந்தேன். அவன் சொல்லித்தான் கொடுத்தான். "மொதல்ல பிளீச்சிங்கு. அப்பறம் மூணு தண்ணி அலசோணும். அப்பறந்தான் ஆசிட்டு. அலசாம ஊத்துனா நெடி மூக்குல ஏறும்டா, பட்டறையில ஒரு ஆளு அப்படியே உழுந்துட்டான்" என்றான். மூன்று தண்ணி என்றால் கிணற்றிலிருந்து இருபது குடமாவது சுமக்க வேண்டும். இருபத்தேழாம் தேதி காலை. அப்பாவை வேப்பமரத்தடியில் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ஆரம்பித்தேன். பிளீச்சிங் போட்டேன். பாதிக்கு மேல் போகவில்லை பூஞ்சை. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அலசவில்லை. அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றித் தேய்த்தேன். பச்சையும் மஞ்சளுமாக ஒரு புகை வந்தது. கண் எரிந்து, வெளியே குதித்துவிட்டேன். கிருமியெல்லாம் பயந்து ஓடுகிறது பார் என்று, காலி டின்னை வாங்கிப்போக வந்த கருப்புசாமியிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை, அலசுடா என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குள் தூறல் விழுந்தது. அப்பா நனையக்கூடாதே என்று நானே கைபிடித்து ஏற்றினேன் அண்ணா. உள்ளே போனதும் அப்பா ஒரு நிமிசம் நின்றார். என்ன கண்ணு நெடி இது என்றார். வெள்ளையாக்கிட்டேனுங்கப்பா, பாருங்க என்றேன். சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தங்கமா இருக்குது என்று சொல்லிப் படுத்தார். சாரல் அடிக்கக்கூடாது என்று இரண்டு ஜன்னலையும் சாத்தினேன். கதவையும் சாத்தினேன். படிப்பலகையைக் கழுவ எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், வெளுத்துப்போன என் விரல்களை முத்தாத்தாளிடம் காட்டி, வெள்ளைக்காரனாகிவிட்டேன் என்று பயமுறுத்திக்கொண்டிருந்தேன்.

மூன்று தட்டு கேட்டது. நான்தான். இதோ வர்றேனுங்கப்பா என்று கத்தினேன். முத்தாத்தாள் சிரித்ததால் இன்னொரு வேடிக்கை காட்டினேன். மறுபடியும் மூன்று தட்டு. வர்றேனுங்க என்றேன். மூன்றாம் தடவை இரண்டுதான் கேட்டது. அம்மாவைக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா ரேசன் கடைக்குப் போயிருந்தது எனக்குத் தெரியும். மூன்றாவதைத் தட்ட முடியவில்லை என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

போய்க் கதவைத் திறந்தபோது கதவோரத்தில் தரையில் முகத்தை வைத்துக் கிடந்தார். இறங்கப் படி இல்லை. படி என் கையில் இருந்தது. வெள்ளைச் சுவரெல்லாம் ரத்தம்.

அம்மா வந்ததும், மிச்சமிருந்த குரலில் அப்பா சொன்னது, "நோவு முத்திப்போச்சு, அமராவதி" என்றுதான். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இருபது வருசம் வெளுத்த துணியை மடியில் போட்டுத் தைத்தவருக்கு அந்த நெடி தெரியாதா? மறுநாள் டாக்டர், ஏதாவது புகை, நெடி பட்டதா, தொண்டை வெந்த மாதிரி இருக்கிறதே என்று கேட்டார். அப்பா தலையை ஆட்டி, இல்லீங்க என்றார். டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் மருந்துப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நாலு தட்டுத் தட்டிப் பீடி கேட்டாருங்க, நான்தான் குடுக்கலீங்க" என்றேன். டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு, அப்படியென்றால் நோய்தான் ஏறியிருக்கிறது என்று சொல்லி, அதே ஊசியை இன்னும் கூட்டி எழுதிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு மூன்று நாள் டாக்டர் வீட்டு வாசல் வரைக்கும் போனேன். உள்ளே கூப்பிட்டால் என் வாயிலிருந்து வேடிக்கைதான் வருகிறது. கம்பவுண்டர் என்னைக் கண்டாலே சிரிக்கிறார். எனக்கு வேறு மாதிரிப் பேசத் தெரியவில்லை அண்ணா. அம்மாவிடமும் சொல்லவில்லை. அப்பா எனக்காக மறைத்துவைத்ததை நான் எப்படி எடுத்துக் காட்டுவது? காட்டாவிட்டால் டாக்டர் காரணம் தெரியாமல் மருந்து கொடுத்துக்கொண்டே இருப்பார். இருபதாம் தேதி வந்துவிடும்.

அதனால் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும், என்னைத் திட்டக்கூட நிற்க வேண்டாம். டாக்டர் பெயருக்கு ஒரு தந்தி. 'அப்பாவுக்கு ஆசிட் நெடி பட்டது, தம்பி செய்தது' என்று. அவ்வளவு போதும். பிறகு நீங்களும் ரயிலேறி வாருங்கள். இது உங்கள் கைக்கு வர ஐந்து நாளாகும். அதற்குள் நானே சொல்லிவிட்டால் தந்தி வீண். வீணாகப் போகட்டும் என்று சென்னிமலை ஆண்டவரைக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், மெஷினில் கையை விடாதீர்கள் என்று அம்மா எழுதச் சொன்னார்.

உள்ளே அப்பா டம்ளரில் கரண்டியால் தட்டுகிறார். மூன்று. போகிறேன் அண்ணா. பாதியில் விட்டதற்கு மன்னிக்கவும். இப்போது உடனே போக வேண்டும்.

தங்கள் தம்பி,
ஞானமோ சம்பந்தமோ இல்லாத
ஞானசம்பந்தம்.